கூலி என்னும் சொல்லும் தன்மதிப்பும்: மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பார்வை



தமிழில் கூலி என்பது ஒரு பொருளின் பெயர், ஆளின் பெயரன்று. செய்த வேலைக்கு ஈடாகக் கைக்கு வரும் நெல்லோ காசோ கூலி எனப்பட்டது. அதைப் பெறுபவரைக் கூலியாள் என்றனர், கூலிக்காரர் என்றனர். கொடுக்கப்படுவது ஒன்று, பெற்றுக்கொள்பவர் வேறொருவர் என்னும் தெளிவு சொல்லமைப்பிலேயே இருந்தது. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. உடல் வருந்தச் செய்த முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளில்தான் அங்கே அது நிற்கிறது. தாழ்வின் நிழல் அதன்மேல் சிறிதும் இல்லை.

இதே ஒலியுடைய சொல் ஐரோப்பியர் ஏடுகளுக்குள் புகுந்தபோது, கொடுக்கப்படும் பொருள் மறைந்து ஆள் மட்டும் எஞ்சினார். கூலி பெறுபவர் 'கூலி' ஆனார். இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் யூலும் பர்னலும் குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரையும் தமிழ்க் கூலியையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்கின்றனர். சீனர் இதைத் தம் எழுத்தில் எழுதியபோது 'துன்பம்', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளை ஒலிக்கேற்பத் தேர்ந்தனர். மலாய்மொழியிலும் 'கூலி' இருக்கிறது. எனவே பினாங்குத் துறைமுகத்தில் மூன்று நான்கு மொழியினர் ஒரே சொல்லைக் கேட்டனர். ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் 'எனக்குக் கொடுக்க வேண்டியது' என்று பொருள் கொள்ளும் வாய்ப்பு தமிழருக்கு மட்டுமே இருந்தது. அந்த வாய்ப்பை அவர்கள் நெடுங்காலம் இழந்திருந்தார்கள். எப்படி இழந்தார்கள், யாருடைய துணையால் மீண்டும் பெற்றார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தன்மதிப்பு என்பதை இக்காலத்தில் தனிமனிதர் மனநிலையாகவே பேசுகிறோம். கண்ணாடிமுன் நின்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வது போன்ற ஒன்றாக அது சுருங்கிவிட்டது. மலாயாத் தமிழரின் வேலை வரலாற்றைப் படிப்போர்க்கு அது அவ்வாறு தோன்றாது. ஒருவர் தம் உழைப்பின் மதிப்பை அறிவதற்கு முன்னால், அம்மதிப்பை யார் குறிக்கிறார், எந்தக் கணக்கில் குறிக்கிறார் என்பதை அறிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டியிருந்தது.

பினாங்கிலிருந்தே தொடங்குவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய சில ஆண்டுகளுக்குள் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. 1794இல் லைட் எழுதிய குறிப்பொன்றில், ஏறத்தாழ ஆயிரம் சூலியர் இங்கே குடியிருப்பதையும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வாணிகத்தாலும் பலவகை உழைப்பாலும் சில டாலர் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவதையும், அவர்கள் இடத்துக்கு வேறு பலர் வருவதையும் சொல்கிறார். நாம் இக்குறிப்பை முதன்மையாகக் கருதுகிறோம். தொடக்கத்தில் வந்தவர் வந்து, உழைத்து, பெற்று, போனார். வேலையை விட்டு விலகும் உரிமை அவர் கையில் இருந்தது. தம் கூலி போதாதென்று கண்டவர் அடுத்த கப்பலை நோக்கலாம். இன்று லெபோ சூலியாவில் நடக்கும்போது அம்மனிதரைச் சற்றே நினைவுகூரலாம்.

கரையின் அக்கரையில், இன்றைய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது நிலை மாறிற்று. பத்து காவான், நிபோங் திபால் பகுதிகளில் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்த முறை வந்தது. கப்பல் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. கடனைக் கழிக்கும்வரை அவர் விலக முடியாது. விலகிப் போனால் அது ஒப்பந்த மீறல் மட்டுமன்று, குற்றமும் ஆகும், சிறை உண்டு. வேலைக்கு வந்த முதல் நாளே ஒருவர் கடன்காரராக இருந்தால், தம் உழைப்பின் மதிப்பு என்ன என்ற கேள்வியே அவருக்குள் எழாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்விதான் எழும். பினாங்கில் இறங்கியோர் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, எண்ணப்பட்டு, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1890இல் நீரிணைக் குடியேற்ற அரசு தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கங்காணியை வில்லனாக மட்டும் தீட்டிவிடுவது எளிது. நம் நாடகங்களும் கதைகளும் பெரும்பாலும் அப்படித்தான் செய்துள்ளன. ஆனால் புதிதாக வந்த இளைஞருக்குக் கங்காணி யாராக இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். தம் ஊர்க்காரர், பல வேளைகளில் தம் உறவினர். கப்பலில் உடன் வந்தவர். லயத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர். பால்மரத்தில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், கத்தியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று கையைப் பற்றிக் காட்டியவர். காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கித் தந்தவர், திருமணத்தை முன்னின்று நடத்தியவர், சண்டையில் நடுவராக இருந்தவர். இன்றைய பேச்சில் சொன்னால் அவர் ஒரு வழிகாட்டி. 'என்னை ஆளாக்கிவிட்டவர்' என்று அவரைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் கணக்கேடு வேறு கதை சொல்லியது. தம் கீழுள்ள ஒவ்வோர் ஆளும் காலையில் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினால், கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு காசு என்று நிர்வாகம் கொடுத்தது. தலைக்காசு என்பது அதன் பெயர். தொழிலாளி நோயுற்றுப் படுத்தால் கங்காணிக்கு இழப்பு. தொழிலாளி வேறு தோட்டத்தில் கூடுதல் கூலி கிடைக்கும் என்று அறிந்தால் அதைவிடப் பெரிய இழப்பு. எனவே சீவக் கற்றுக்கொடுத்த அதே மனிதர், அடுத்த தோட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் ஒருநாளும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க அவருடைய வயிறு இடம் தரவில்லை. அன்பு இருந்தது, கண்டிப்பு இருந்தது, திறமையைக் கைமாற்றித் தருவதும் இருந்தது. மாணவர் தம்மைவிட்டு வளர்ந்து போகலாம் என்னும் இசைவு மட்டும் இல்லை.

1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த எல்லாத் தோட்டக்காரரும் அதற்குப் பணம் கட்ட, அதிலிருந்து கப்பற்செலவு ஈடு செய்யப்பட்டது. தொழிலாளி தலையில் விழுந்த பயணக் கடன் இதனால் குறைந்தது என்பது உண்மை. ஆயினும் அவருடைய கூலியை யார் குறிப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1920களில் அதற்கு ஒரு விடை வந்தது. அரசு 'தரக் கூலி' என ஒன்றை அறிவித்தது. எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எழுத்தில் ஓர் எல்லை குறிக்கப்பட்டது நன்மைதான். ஆனால் அந்த 50 காசு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு தொழிலாளி எத்தனை ராத்தல் பால் எடுக்கிறார், அந்தப் பால் இலண்டனில் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்து அக்கணக்கு தொடங்கவில்லை. அவருக்கு மாதத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும், எவ்வளவு பருப்பு, உப்பு, மிளகாய், துணி வேண்டும் என்னும் செலவுப் பட்டியலிலிருந்து தொடங்கியது. வேலையின் மதிப்பு அளக்கப்படவில்லை. உயிரைத் தக்கவைக்கும் செலவு அளக்கப்பட்டது. தமிழன் குறைவாகச் செலவழிப்பவன், ஆகவே குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற வாதம் இதிலிருந்தே பிறந்தது. சிக்கனமாக வாழ்ந்ததே கூலி குறைவதற்குச் சான்றாயிற்று! பெண்ணின் வயிறு சிறியது என்று கொண்டதாலோ என்னவோ, அவருக்குப் பத்துக் காசு குறைவு. அவர் சீவிய மரமும் அதே மரம்தான்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்த எழுத்தெல்லையும் நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கூலி ஏறத்தாழப் பாதியளவுக்கு இறங்கியது. பல்லாயிரவர் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். 1936இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே வந்து நிலையை ஆராய்ந்தார். 1937இல் அவரது அறிக்கை வெளிவந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு இனி வேண்டியதில்லை என்றார். 1938இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட, அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. இவையெல்லாம் மேலிடத்தில் நடந்தவை. லயத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது?

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி, நாகம்மையாருடன் பினாங்கில் வந்திறங்கினார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டு வந்தவர், மலாயாவின் பல ஊர்களிலும் சிங்கப்பூரிலும் பேசினார். சுயமரியாதை என்னும் சொல் இந்நாட்டுத் தமிழர் வாயில் பரவலாக வழங்கத் தொடங்கிய காலம் அது. அவருடைய சமயக் கருத்துகளில் நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். அன்றும் இங்கே கடும் எதிர்ப்பு இருந்தது. நமது பொருளுக்கு வேண்டியது ஒன்றே. துரைமுன் குனிந்து நிற்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், லயத்துக்குள்ளே ஒரு வரிசை வீட்டார் இன்னொரு வரிசை வீட்டாரைத் தொடாமலிருப்பதை அவ்வியக்கம் பேசியது. ஒரே பெரட்டில் நின்று, ஒரே மரவரிசையில் சீவி, ஒரே கூலி பெற்றவர்கள், மாலையில் ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருந்தனர். தம்மருகே நிற்பவரைத் தமக்கு ஈடானவராகக் கருதாதவர் அவரோடு சேர்ந்து எதைக் கேட்க முடியும்? பின்னாளில் தொழிற்சங்கம் வேரூன்றியதற்கு இந்த உள்வேலை நிலத்தைக் கிளறிக் கொடுத்தது என்பது நம் கணிப்பு.

குறையையும் சொல்ல வேண்டும். சீர்திருத்தச் சங்கங்களை முன்னின்று நடத்தியவர்களில் எழுத்தர்களும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மிகுதி. சாதி, மூடப்பழக்கம், கள், வீண்செலவு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் நிறையப் பேசினர். கூலியைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. தொழிலாளி தம்மைத் திருத்திக்கொண்டால் உலகம் அவரை மதிக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. அந்த நம்பிக்கை பாதி உண்மை.

மறுபாதியைச் செய்தித்தாள்கள் கொண்டுவந்தன. 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கியிருந்தது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாயிற்று. இதன் விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கங்காணி சொல்லித்தராத ஒன்று அதில் வந்தது: வேறிடத்தில் என்ன கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள். ஒரு மனிதர் தம் மதிப்பை அறிவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எண் வேண்டும். அதுவரை அவருக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே.

இப்போது கிள்ளானுக்குச் செல்வோம். 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களுக்குத் துணைநின்றார். போர்க்காலம், ரப்பரின் விலை ஏறியிருந்தது. சீனத் தொழிலாளர் போராடிக் கூடுதல் கூலி பெற்றிருந்தனர். தமிழருக்கும் அதே கூலி வேண்டும் என்பது முதல் கோரிக்கை. இதில் வியப்பில்லை. வியப்பு, அதை அடுத்து வரும் கோரிக்கைகளில் இருக்கிறது.

கொடுமை செய்யும் தோட்ட அலுவலரை நீக்கித் தமிழ் பேசும் அலுவலரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். துரைமாரும் 'கறுப்பு ஐரோப்பிய'ராக நடந்துகொள்ளும் அலுவலரும் தங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். தக்க மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. குறைகளை எடுத்துரைக்கத் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க இசைவு வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரையோ அலுவலரோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல உரிமை வேண்டும்.

இந்த இறுதிக் கோரிக்கையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். இதற்கு ஒரு காசு செலவில்லை. எந்தத் தோட்டக் கம்பெனியின் இலாபமும் இதனால் குறையப் போவதில்லை. ஆயினும் இதைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால், இதை மறுப்பதில் எதிர்த்தரப்புக்கும் ஏதோ இருந்திருக்க வேண்டும். மிதிவண்டி இனாமாக வந்ததன்று. அந்த 50 காசிலிருந்து மிச்சம்பிடித்து வாங்கியது. அதுதான் கூலி உருமாறிக் கண்ணெதிரே நின்ற வடிவம். அதிலிருந்து இறங்கச் சொல்வது, 'உனக்குக் கொடுத்ததும் உன்னுடையதன்று' என்று சொல்வதாகும். கூலி என்ற சொல்லுக்குத் தமிழில் இருந்த பழைய பொருளைத் தொழிலாளர் இங்கே மீட்டெடுத்தார்கள் என்று நாம் கொள்கிறோம். என் உழைப்புக்கு ஈடாக வந்தது எனக்குரியது; அதன்மீது ஏறிச் செல்பவன் நான்; நான் வேறு, கூலி வேறு.

மே 5ஆம் நாள் நாதன் கைதுசெய்யப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர், பலர் நாடுகடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சில திங்களில் ஜப்பானியர் வந்தனர்.

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கருத வேண்டும். நாதன் தோட்டத் தொழிலாளி அல்லர். அவர் எழுதத் தெரிந்தவர், சட்டமும் நடைமுறையும் ஓரளவு அறிந்தவர். ஆனால் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால், அதை ஓர் இதழாளர் தம் அறையிலிருந்து எழுதியிருக்க முடியாது என்பது விளங்கும். மிதிவண்டியிலிருந்து இறங்கியவருக்கே அந்தக் கோரிக்கை தோன்றும். வழிகாட்டியாக இருந்தவரின் பணி, அவர்கள் அறிந்ததை அவர்கள் சொற்களில் வரிசைப்படுத்தித் தந்தது. அவருக்குத் தலைக்காசு எதுவும் வரவில்லை. வந்தது சிறையும் கப்பலும்.

போர்க்காலத்தைச் சுருங்கச் சொல்லிக் கடப்போம். 1942இல் பினாங்கு வழக்கறிஞர் என். இராகவன், பினாங்கு ஃபிரீ பள்ளிக் கட்டடத்தில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் நடத்தினார். 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். நாளுக்கு 40 காசு மதிப்பிடப்பட்டவர்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து நின்றனர். அப்படையின் அரசியலைப் பற்றி எத்தனை கருத்து இருந்தாலும், அணிவகுப்பில் நிமிர்ந்து நின்ற உடல் திரும்பவும் பெரட்டில் பழையபடி வளையவில்லை. 1946இல் நமக்கு அண்டையிலுள்ள கெடாவில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. சீருடை, அணிநடை, கள்ளுக்கடை மறியல் என அது பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. சம்பள நாளன்று கூலி கைக்கு வந்த அதே மாலையில் கள்ளுக்கடை வழியாக நிர்வாகத்தின் பக்கமே திரும்பிப் போவதை அத்தொண்டர்கள் கண்டுகொண்டிருந்தனர். 1947இல் அது காவல்துறையால் ஒடுக்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் பின்னாளில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தூக்குமேடைக்கும் அனைத்துலக மேடைக்கும் இடையே கால் நூற்றாண்டுதான்.

இந்த அவையில் ஆசிரியர்கள் மிகுதி என்பதால், ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ பள்ளி தொடங்கியபோது தமிழ் வகுப்பும் அதில் இடம்பெற்றதாகக் கொண்டு, மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தை அந்நாளிலிருந்து எண்ணுகிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் செய்தது. பள்ளி என்பது பல இடங்களில் ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோதான். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். பிள்ளை நன்றாகப் படித்தால் தோட்டத்தைவிட்டுப் போய்விடும். பள்ளியை நடத்துபவருக்கு அதில் விருப்பம் இருக்க முடியாது. கங்காணியை நெருக்கிய அதே கணக்கு ஆசிரியரையும் நெருக்கியது. அந்நெருக்கடிக்குள் இருந்துகொண்டு, மாலையில் தொழிலாளருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தும் செக்ரோலில் பெயரும் நாளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லியும் வந்த ஆசிரியர்கள் இருந்தனர். அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு வகை வழிகாட்டலும் நம்மிடம் இருந்தது. 1950இல் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். எழுதிப் பழகாத பலர் கதை எழுதி அனுப்பினர்; இவர்கள் அவற்றை மதிப்பிட்டுக் குறைநிறை சொன்னார்கள். போருக்குப் பிந்திய மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு அது ஒரு நாற்றங்கால். ஒருவருடைய எழுத்தைப் பார்த்து, 'இது நன்று, இது போதாது' என்று காரணத்தோடு சொல்வது புகழுரையைவிட மேலான மரியாதை என்பதை நல்ல ஆசிரியர் எவரும் அறிவார். தம் வேலை மதிப்பிடத் தக்கது என்று ஒருவர் உணர்வது அப்போதுதான்.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வலயம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. பால்வாளி தூக்கியவரின் பெண்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியின்முன் அமர்ந்து மயிரிழை போன்ற கம்பிகளை இணைத்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது சம்பளம், கூலி அன்று. மழை பெய்தாலும் அது குறையாது. இந்த வேறுபாடு தோட்டத்தில் பிறந்தவருக்கே புரியும். விடியலில் மழை கொட்டினால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலி இல்லை. தாய் வாசலில் நின்று வானத்தைப் பார்த்த காலைகளை நினைவில் வைத்திருந்த பெண்கள், தொழிற்சாலைப் பேருந்தில் மழைக்குள்ளே வேலைக்குப் போனார்கள்.

தோட்டத் தொழிலாளருக்கும் மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2013 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று குறித்தது. அந்த ஆணையில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இல்லை. 40 காசு வாங்கிய பெண்களில் மிகச் சிலரே அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்.